செத்துச் செத்து விளையாடுவோம்

முதல் நாள் ராத்திரி 41 தடவை செத்தேன். எண்ணி வைத்திருந்தது ஸ்கோர் போர்டு. டேப் பட்டனை அழுத்தினால் நம் வண்டவாளம் முழுக்கத் திரையில் விரியும். 'வெட்டியவை' என்ற கட்டத்தில் பூஜ்யம். உண்மையில் ஒருவரை வெட்டினேன், அவர் எங்கள் அணிக்காரர். கோட்டைச் சுவரோரம் எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு உதவுகிறேன் பேர்வழி என்று ஓடிப்போய்க் கோடரியை ஓங்கினேன். எதிரி நகர்ந்துவிட்டார். நம்மவர் தலை படிக்கட்டில் உருண்டு போனது. எதிரி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார். அந்த கேமில் சிரிக்கவென்றே தனியாக ஒரு குரல் உண்டு, தொண்டை கிழியச் சிரிக்கும். சிரித்து முடித்துவிட்டு என்னையும் வெட்டினார்.

"சித்தி, மணி பன்னெண்டரை ஆச்சு. போதும்" என்றான் அக்கா மகன்.

"இன்னும் ஒரே ஒரு தடவைடா" என்றேன். எனக்கு வயது 46.

'நாற்பதுக்கு மேல் ஒரு புதுப் பொழுதுபோக்கு' என்று சிறப்பிதழுக்குத் தலைப்பு கொடுத்தபோது, மாடித்தோட்டத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார், ஜும்பாவை இன்னொருவர். ஆரி எம்பிராய்டரிக்கு இரண்டு பேர் போட்டி. கூட்டத்துக்குத் தாமதமாகப் போன எனக்கு மிஞ்சியது வீடியோ கேம். "மன அழுத்தம் குறையுதான்னு பாருங்க மேடம், நல்லா போகும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மன அழுத்தம் குறையவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறியது.

நான் ஆடியது 'மோர்ட்ஹாவ்'. ஸ்லோவேனியாவில் தொடங்கிய ஒரு சின்னக் குழு 2017இல் ரசிகர்களிடமே நிதி திரட்டி, 2019 ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட விளையாட்டு. கேம் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்குப் பெயராவது காதில் விழுந்திருக்கும், மற்றவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். இடைக்கால ஐரோப்பா, இரும்புச் சட்டை, வாள், ஈட்டி, குதிரை, கல்லெறி பொறி. ஒரே களத்தில் 64 பேர். அத்தனை பேரும் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள். சேதி அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் நம்மை வெட்டினால் வலிக்காது. மணிலாவிலோ பெர்த்திலோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன் வெட்டிவிட்டு, நம் உடல்மேல் நின்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் சுரீர் என்கிறது. உலகம் முழுக்க கேம் ஆடுகிறவர்களின் அவமதிப்புச் சைகை அது. பார்ப்பதற்கு அப்படியே நம் ஊர்த் தோப்புக்கரணம். முதல் இரண்டு நாள், பாவம், மன்னிப்புதான் கேட்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி கேம்களில் குறி பார்த்துச் சுட்டால் முடிந்தது. இதில் மவுஸை எந்தப் பக்கம் இழுத்து அழுத்துகிறோமோ அந்தக் கோணத்தில் வாள் வரும். மேலிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் குத்து. வலது பட்டன் தடுப்பு. இவ்வளவுதான் பாடம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பதினோராவது நிமிடம் களத்தில் இறங்கினால், கற்றுக்கொண்ட எதுவும் வேலைக்காகாது.

ஏன் என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. எதிரி வாளை ஓங்குகிறார், நான் தடுப்பை அழுத்துகிறேன். சரியாகத்தான் அழுத்துகிறேன், ஆனாலும் தலை போகிறது. மறுபடி ஓங்குகிறார். இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்து அழுத்துகிறேன். அதற்குள் போய்விடுகிறது. இவர் ஏதோ ஃப்ராடு பண்ணுகிறார் என்று மேஜையைத் தட்டினேன். அக்கா மகன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கத்தி எப்ப கிளம்புதுன்னு பார்க்காதீங்க சித்தி. எப்ப வந்து சேருதுன்னு பாருங்க."

விஷயம் இதுதான். வாள் புறப்பட்ட பிறகும் உடம்பைத் திருப்பலாம். வலமிருந்து வரும் வெட்டை வீசிக்கொண்டே உடம்பை வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தால், வாள் நம்மிடம் வந்து சேரக் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகும். நாம் எடுத்த தடுப்பு அதற்குள் கலைந்திருக்கும். அதே வெட்டில் உடம்பை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பினால் முன்கூட்டியே வந்து விழும். முதலாவதை 'டிராக்' என்கிறார்கள், இரண்டாவதை 'ஆக்சல்'. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு உடனே விளங்கும்: கை அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, பந்து மட்டும் ஸ்லோயர் பால். பேட்ஸ்மேன் ஷாட்டை ஆடி முடித்துவிட்டு நிற்க, ஸ்டம்ப் பின்னால் நிதானமாகச் சாய்கிறது. மோர்ட்ஹாவில் ஒவ்வொரு வெட்டும் அப்படி ஒரு பந்து. அதற்குமேல் போக்குக் காட்டல் வேறு: ஓங்கிவிட்டு க்யூ பட்டனை அழுத்தினால் வெட்டு பாதியில் ரத்தாகும், நாம் காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்போம். வெட்டாக ஆரம்பித்ததைக் குத்தாக மாற்றலாம். எதிரி வெட்டு வந்து விழப்போகும் நேரத்தில் அதே கோணத்தில் நாமும் வெட்டினால் இரண்டும் மோதி, அவருடையது தடைபட்டு நம்முடையது போய்ச் சேரும். இதற்கு 'சேம்பர்' என்று பெயர். சொல்ல எளிது. எனக்கு முதல் சேம்பர் அமைந்தது 17ஆம் நாள். தற்செயலாகத்தான் அமைந்தது, ஆனாலும் சமையலறைக்குப் போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

நம் ஊரிலிருந்து ஆடுகிறவர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு, பிங். நான் தட்டும் பட்டன் சர்வருக்குப் போய் பதில் வர ஆகும் நேரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் கிடக்கும் கேபிள் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கி.மீ. ஓடும். ஆக, போய்வர எப்படியும் 32 மில்லி விநாடி, ஒளியே நினைத்தாலும் குறைக்க முடியாது. வீட்டு ரூட்டர், தெருமுனைப் பெட்டி என்று தடுக்கி விழுந்து எழுந்து வருவதில் எனக்கு அது 60, 70 ஆகிவிடுகிறது. மனிதக் கண் ஒன்றைப் பார்த்துக் கை அசையச் சுமார் 250 மில்லி விநாடி. அதில் சுமார் கால்வாசியை வங்கக் கடலுக்கு மொய் எழுதிவிட்டுத்தான் நான் வாளைத் தூக்குகிறேன். ஐரோப்பிய சர்வரில் 180. அங்கே நான் தடுக்க நினைப்பது, தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகையை முகூர்த்தம் முடிந்த மறுநாள் பிரித்துப் பார்ப்பது மாதிரி.

சரி, இதில் சந்தோஷம் எங்கே வந்தது? அதைத்தான் எழுதச் சொன்னார்கள்.

வந்தது, ஒரு வீணையில். வீணை என்றால் நம் வீணை இல்லை, ஐரோப்பியர்கள் மடியில் வைத்து மீட்டும் 'லூட்'. மோர்ட்ஹாவில் அதுவும் ஓர் ஆயுதம். களத்துக்குப் போகுமுன் ஒவ்வொருவருக்கும் 16 புள்ளிகள் தருவார்கள். அதற்குள் வாள், கவசம், கேடயம் எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் மளிகை லிஸ்ட் போடுவது போலத்தான். தலைக்கவசத்தை நல்லதாக எடுத்தால் காலுக்கு இரும்பு கிடையாது. ஒரு நாள் ராத்திரி அலுத்துப்போய், கவசமே வேண்டாம், வாளும் வேண்டாம் என்று அந்த லூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாலத்தின் நடுவில் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டிருக்க, ஓரமாக நின்று டொய்ங் டொய்ங் என்று தட்டிக்கொண்டிருந்தேன். ராட்சதக் கோடரியோடு ஓடிவந்த எதிரி என் முன்னால் பிரேக் போட்டு நின்றார். இரண்டு விநாடி. கோடரியைத் தாழ்த்தி, இப்படியும் அப்படியும் அசைந்து ஆட ஆரம்பித்தார். எங்கள் அணிக்காரர் ஒருவர் வந்தார். அவரும் வெட்டவில்லை, ஆடினார். நாலு பேர் சேர்ந்துவிட்டோம். சுற்றிலும் அலறல், குதிரைக் குளம்பு, விழும் தலைகள். எங்கிருந்தோ ஒரு கல்லெறி பொறியின் பாறாங்கல் வந்து நான்கு பேரையும் சேர்த்து நசுக்கியது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். எத்தனை தடவை செத்தேன் என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்தே கை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. ஜெயிக்க வேண்டும் என்று பதறும்போது தடுப்புப் பட்டனை மூன்று முறை அழுத்துகிறோம். அந்தப் பதற்றத்தில் ஸ்டாமினா கரைகிறது. ஸ்டாமினா தீர்ந்தபின் தடுத்தால் கையில் இருக்கும் வாளே தெறித்து விழும். தோற்றாலும் பரவாயில்லை என்று இருப்பவனுக்குத்தான் ஒரு கணம் பொறுக்கும் தைரியம் வருகிறது, இந்த விளையாட்டில் அந்த ஒரு கணம்தான் எல்லாம்.

இந்த வகையில் மோர்ட்ஹாவ் முதல் பிள்ளை இல்லை. 2007இல் வேறொரு விளையாட்டின்மேல் ரசிகர்கள் ஒட்டுப்போட்டுச் செய்த ஒன்றிலிருந்து, 2012 அக்டோபரில் டொராண்டோக்காரர்களின் 'ஷிவல்ரி' பிறந்தது. அதில் ஒரு கூத்து. வெட்டு முன்கூட்டியே விழ வேண்டும் என்றால் எதிரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வில்லாகப் பின்னுக்கு வளைந்து, தலைகீழாக வெட்ட வேண்டும் என்று கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளில் கவசம் பூண்ட மாவீரர்களெல்லாம் மேடை நாட்டியம்போலச் சுழன்று சுழன்று ஆட ஆரம்பித்தார்கள். புதிதாக வந்தவன் வாயைப் பிளந்து நிற்க, முதுகைக் காட்டியவன் வெட்டிவிட்டுப் போனான். 2021 ஜூனில் வந்த 'ஷிவல்ரி 2' இதையெல்லாம் கொஞ்சம் மட்டுப்படுத்தி, நகைச்சுவையைக் கூட்டியது. அதில் முட்டைக்கோஸை எறியலாம், கோழியை எறியலாம். நம் கை வெட்டுப்பட்டு விழுந்தால் மற்றக் கையால் அதை எடுத்தே எறியலாம். வார இறுதியில் ஒரு மணி நேரம் கத்தித் தீர்க்க வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் லாயக்கு. நான் மோர்ட்ஹாவிலேயே நின்றுவிட்டேன். கஷ்டப்பட்டுக் கற்றதை விட மனசு வராது பாருங்கள்.

பெயருக்கே ஒரு கதை இருக்கிறது. மோர்ட்ஹாவ் என்றால் ஜெர்மன் மொழியில் கொலை வெட்டு. தகட்டுக் கவசம் போட்டவனை வாளின் கூர் ஒன்றும் செய்யாது. அதனால் வாளைத் தலைகீழாகப் பிடித்து, அலகை இரண்டு கையாலும் பற்றி, கைப்பிடிக் குமிழால் சம்மட்டி போல மண்டையில் போடுவார்கள். 1467ஆம் ஆண்டு ஜெர்மானியக் கையேடு ஒன்றில் படமே வரைந்திருக்கிறார்கள். கேமிலும் ஒரு பட்டன் தட்டினால் வாள் திரும்பும். முதல் தடவை தெரியாமல் தட்டிவிட்டு, நம்மாள் ஏன் கத்தியை இப்படிப் பிடிக்கிறான், கை அறுபடாதா என்று பதறினேன்.

இதைத் தேடிப் படித்தபோது கண்ணில் பட்டது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சுவடி. ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் வாள் பயிற்சி நூல்களில் மிகப் பழையது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எழுதியது. வாளும் சின்னக் கைக்கேடயமும் ஏந்தி, ஒரு பாதிரியார் மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதாகப் பக்கம் பக்கமாகப் படம். கடைசிப் பக்கங்களில் மாணவன் இருந்த இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். நீள அங்கி, கையில் வாள், பெயர் வால்புர்கிஸ். யார், எங்கிருந்து வந்தாள், ஏன் வந்தாள், ஒரு விளக்கமும் கிடையாது. களத்தில் என் பெயரை அன்றே மாற்றி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கால நீள வாளின் எடை பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை கிலோதான். என் வீட்டு இரும்பு தோசைக்கல் அதைவிடக் கனம். மோர்ட்ஹாவில் வாணலியும் ஓர் ஆயுதம் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். அதனால் அடிபட்டுச் சாகிறவர்களின் எரிச்சல் தனி ரகம்.

'இந்த ரத்தக்களரியை ஆடினால் பிள்ளைகள் வன்முறைக்குப் பழகிவிட மாட்டார்களா' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரியவர்களுக்கான விளையாட்டைப் பெரியவர்கள் ஆட வேண்டும். என் அக்காவின் ஆட்சேபம் வேறு: "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" இரண்டையும் குறித்துக்கொண்டு மேலே போகிறேன். எனக்கிருக்கும் கவலை வேறு.

அது தொடங்கியது தனிச்சண்டை சர்வரில். அங்கே ஒழுங்கு உண்டு. வாளை ஒரு சுழற்று சுழற்றிக் காட்டினால் 'வா, ஆடலாம்' என்று அர்த்தம். எதிராளியும் சுழற்றினால் சம்மதம். நடுவில் மூன்றாமவர் நுழைந்தால் எல்லோரும் சேர்ந்து அவரை மொத்துவார்கள். ஒரு நாள் சிவப்பு இறகு செருகிய தலைக்கவசக்காரர் ஒருவரிடம் ஆறு முறை தொடர்ந்து செத்தேன். ஏழாவது முறை அவர் வெட்டவில்லை. சற்றுத் தள்ளி நின்று, வலமிருந்து இடமாக ஒரே ஒரு வெட்டை, மிக நிதானமாக, எனக்கு எட்டாத தூரத்தில் வீசிக் காட்டினார். மறுபடி அதையே வீசினார். நான் தடுத்தேன். தலையாட்டினார். ஒரு அடி முன்னால் வந்து இன்னும் கொஞ்சம் தாமதித்து வீசினார், தடுக்க முடியவில்லை. சாட்டில் 'மறுபடியும்' என்று ஒரே சொல். முக்கால் மணி நேரம் இப்படியே. அவர் எந்த ஊர், ஆணா பெண்ணா, எந்தப் பாஷை, எதுவும் தெரியாது. சிலம்பத்தில் அடவு சொல்லித்தரும் ஆசான் கம்பை எப்படிப் பாதி வேகத்தில் கொண்டுவந்து நிறுத்துவாரோ, அப்படி நிறுத்தி நிறுத்திக் கொடுத்தார். கடைசியில் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் காணாமல் போனார். இந்த இரண்டு மாதத்தில் அப்படி நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

மற்றவர்கள்? ஆறு வருடம், ஏழு வருடம் இதிலேயே கிடந்து உருண்டவர்கள். பத்துப் புதியவர்களைத் தனி ஆளாக வெட்டிச் சாய்ப்பார்கள். அதில் தப்பில்லை, கற்ற வித்தை. வெட்டிவிட்டுத் தோப்புக்கரணம் போடுவார்கள், சாட்டில் வாயில் வருவதையெல்லாம் எழுதுவார்கள், 'போய் வேற கேம் ஆடு' என்பார்கள். புதியவரும் போய்விடுகிறார். ஒரு நாள் மட்டும் எண்ணிப் பார்த்தேன்: கடைக்குட்டித் தரத்தோடு உள்ளே வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் கால் மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டார்கள்.

இங்கே வியாபாரக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கேம் விற்கும் பெரிய இணையக் கடையில் ஒரு விதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ். வாங்குகிறவருக்கு நல்ல விதி. ஆனால் இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்க ஆரம்பிக்கவே 20 மணி நேரம் ஆனது. முதல் 2 மணி நேரம் என்பது வெறும் சாவு. அந்த நேரத்தில்தான் ஒருவர் 'இருக்கலாமா, போகலாமா' என்று முடிவெடுக்கிறார், அதே நேரத்தில்தான் அவர் உடல்மேல் யாரோ தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரையில் நான் வளர்ந்த தெருவில் ஒரு கேரம் கிளப் இருந்தது. ஓட்டுக் கொட்டகை, நடுவில் தொங்கும் குண்டு பல்பு, போரிக் பவுடர் டப்பா. இரண்டு அண்ணன்மார் ஆட உட்கார்ந்தால் ரெட்டையும் சேர்த்து ஒரே கையில் போர்டைக் காலி பண்ணிவிடுவார்கள். சின்னப் பையன்கள் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால், "நீயெல்லாம் காயின் பொறுக்கிப் போடத்தான்டா லாயக்கு." பையன்கள் கொஞ்ச நாள் பொறுக்கிப் போட்டார்கள். அப்புறம் கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணன்மார் இருவரும் எதிரும் புதிருமாக ஆடினார்கள். ஒருவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. அதன்பிறகு போர்டு சுவரில் சாய்ந்து கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் பெண் பிள்ளைகள், எங்களை வாசல்படியே ஏறவிட்டதில்லை என்பது தனிக் கதை.

மோர்ட்ஹாவ் வெளியான சில வாரங்களில் ஒரே நேரத்தில் 60,000 பேர் வரை ஆடினார்கள். அடுத்த ஆண்டுக்குள் அது சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. 2023இல் வேறொரு கடை ஒரு வாரம் இலவசமாகவே கொடுத்தது. புதியவர்கள் கூட்டமாக வந்தார்கள். பழையவர்களுக்கு அது திருவிழா, கிடா வெட்டு. சிங்கப்பூர் சர்வரில் இப்போது ராத்திரி 11 மணிக்கு மேல் போனால் 64 இடத்தில் 11 பேர், சில நாள் 7. எல்லாம் தெரிந்த பெயர்கள், தெரிந்த வெட்டுகள். இன்றைக்கு யாருக்கு மூடு சரியில்லை என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது.

புத்தகம் என்றால் ஒரே ஒருவர் படித்தாலும் அது புத்தகம்தான். படத்தைத் தனியாகவும் பார்க்கலாம். 64 பேர் ஆடும் விளையாட்டில் 63 பேர் வரவில்லையென்றால் விளையாட்டே கிடையாது, காலிக் கோட்டைதான் இருக்கும். நான் ஒரு முறை அப்படித் தனியாக நுழைந்தேன். கொடிகள் காற்றில் ஆடுகின்றன, தீப்பந்தம் எரிகிறது, என் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கோட்டையாவது மிஞ்சுமா? இங்கிலாந்தில் 'ரோஜாப் போர்கள்' நடந்த காலத்தில், 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறன்று, யார்க்‌ஷயரில் டவுட்டன் என்ற ஊரில் பனிப்புயலுக்கு நடுவே பெரும் சண்டை. 1996இல் அங்கே கட்டட வேலைக்குத் தோண்டியபோது ஒரு புதைகுழி தட்டுப்பட்டது, முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். பல மண்டை ஓடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டு. எந்தக் கோணத்தில் எந்த ஆயுதம் விழுந்தது என்று ஆய்வாளர்களால் படிக்க முடிந்தது. அந்தப் போர்களின் பெயரிலேயே, 'வார் ஆஃப் த ரோஸஸ்' என்று 2012இல் இதே வகையில் ஒரு விளையாட்டு வந்தது. குதிரை, வில், வாள், எல்லாம் உண்டு. கீழே விழுந்தவனைத் தன் அணிக்காரன் தூக்கிவிடலாம், எதிரி நிதானமாக வாளை இறக்கியும் முடிக்கலாம். 2017இல் அதன் சர்வர்களை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் அந்தக் களத்தில் மறுபடி கால்வைக்க வழியில்லாமல் போனது. 1461இல் செத்தவனின் மண்டையில் எத்தனை வெட்டு என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். 2015இல் அந்த கேமில் ஒரு நல்ல ஆட்டக்காரர் எப்படி வெட்டினார் என்று பார்க்க, யாராவது வீடியோ எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.

வாங்கிய விளையாட்டை ஆடமுடியாமல் செய்யாதீர்கள் என்று ஐரோப்பாவில் ஒரு மனு போட்டார்கள். 2024இல் ஒரு கார் பந்தய விளையாட்டின் சர்வரை மூடியதில் ஆரம்பித்த கோபம். 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. சர்வர் ஓட்டுவதற்கும் செலவாகிறது, எத்தனை வருடம்தான் ஓட்டுவது என்று தயாரிப்பவர்கள் பக்கத்திலும் சொல்கிறார்கள். மோர்ட்ஹாவில் ஆடுகிறவர்களே தனி சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. ஆனால் சர்வரைத் திறந்து வைத்தால் மட்டும் ஆள் வந்துவிடுமா? பழைய ஷிவல்ரியில் தரம் குறைந்தவர்களுக்கென்று தனி சர்வரே வைத்திருந்தார்கள். கில்லாடிகள் புதுக் கணக்கு தொடங்கி அங்கேயும் போய் வெட்டினார்கள்.

ஆசிரியர் குழுவில் இதைச் சொன்னபோது, "மேடம், நாம கேட்டது ஹாபி" என்றார்கள். ஹாபியைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? நாற்பதுக்கு மேல் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும் என்றால், தப்புத் தப்பாகச் செய்ய ஓர் இடம் வேண்டும். ஆபீஸில் அது கிடையாது, வீட்டிலும் கிடையாது. 46 வயதுக்காரி ஒரு சபையில் 41 தடவை தோற்கலாம், மறுநாளும் போய் நிற்கலாம் என்றால், அங்கே பத்துப் பேர் பொறுத்துக்கொள்ள வேண்டும், சிவப்பு இறகுக்காரர் மாதிரி ஒருவராவது இருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை ராத்திரி தனிச்சண்டை சர்வரில் எட்டுப் பேர். ஒன்பதாவதாக ஒருவர் வந்தார். முதல் தரம், கடையில் கொடுத்தபடியே சட்டை, பிங் 212. வாளை உயரத் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே, நேராக என்னை நோக்கி ஓடிவந்தார். நான் அப்படித்தான் ஓடுவேன். நகர்ந்துகொண்டேன், தூணில் போய் முட்டினார். வாளைச் சுழற்றிக் காட்டினேன். அவருக்கு அது வெட்டாகத் தெரிந்திருக்கும், பயந்து பின்வாங்கினார். தள்ளி நின்று வலமிருந்து இடமாக ஒரு வெட்டை, எட்டாத தூரத்தில், மெதுவாக வீசினேன். அசையவில்லை. மறுபடி வீசினேன். நாலாவது தடவை தடுப்பைத் தூக்கினார், ரொம்ப சீக்கிரம். ஏழாவது தடவை ரொம்பத் தாமதம். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இருவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதினோராவது தடவை 'டங்' என்று சத்தம். சரியாகத் தடுத்திருந்தார்.

சாட்டில் 'மறுபடியும்' என்று தட்டிவிட்டு நிமிர்ந்தேன். ஆளைக் காணோம். டேப்பை அழுத்திப் பார்த்தேன், பட்டியலில் எட்டுப் பெயர்தான் இருந்தது.

அவர் ஊரில் கரண்ட் போயிருக்கும்.